1 டெராபைட் இருந்தும் ஒரு நாள் பதிவு இல்லை

கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பி.காம். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு சாத்தான்குளம்தான் ஞாபகம் வந்தது.

2020 ஜூன் 19 அன்று வியாபாரி ஜெயராஜைப் போலீசார் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். தேடிப்போன மகன் பென்னிக்ஸும் அங்கேயே பிடித்து வைக்கப்பட்டார். ஜூன் 22, 23 தேதிகளில் இருவரும் இறந்தார்கள். அடித்ததால்தான் இறந்தார்கள் என்று சி.பி.ஐ. பின்னர் குற்றம் சாட்டியது.

நம்ம மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவுப்படி ஸ்டேஷனுக்குப் போனார் கோவில்பட்டி மாஜிஸ்திரேட். ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனாலும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று அவர் அறிக்கை கொடுத்தார். 19-ம் தேதிப் பதிவு இல்லை!

சின்னக் கணக்கு: ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளுக்கு 10.8 ஜி.பி. ஆகும். 1 டெராபைட்டில் சுமார் 90 நாள் நிற்கும். நான்கு கேமரா என்றாலும் மூன்று வாரம் தாங்கும். ஆக, குறை டிஸ்கில் இல்லை.

2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொன்னது.

அன்று இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பாரா? உங்கள் கடை கேமராவில் எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று இன்றே ஒருமுறை பாருங்கள்.