கரு உண்டா, இல்லையா? மூவாயிரம் ஆண்டுத் தேடல்

திங்கள்தோறும் வரவேண்டிய மாதவிலக்கு ஒரு முறை நாள் தள்ளினால், மகவை விரும்பி நிற்பவளுக்கு அது நம்பிக்கை. அஞ்சி நிற்பவளுக்கு அதுவே துயரம். ஆனால், நம்பிக்கைக்கும் துயரத்துக்கும் அடிப்படையாக நிற்கும் அவ்வடையாளம் உறுதியானதன்று. கருவுறாத நிலையிலும் விலக்கு நிற்பதுண்டு. கருவுற்ற நிலையிலும் குருதி தோன்றுவதுண்டு. இவ்விரு உண்மைகளையும் தெளிந்து கொள்ள மாந்தர் இனம் மேற்கொண்ட நீண்ட முயற்சி, மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியாகும்.

கோதுமையும் வாற்கோதுமையும்

பண்டை எகிப்தியர் இதற்கு ஒரு சோதனை வகுத்திருந்தனர். பெர்லின் நகரில் காக்கப்பட்டு வரும் பாப்பிரசுச் சுவடி ஒன்று அதனைக் கூறுகின்றது. அச்சுவடி கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். பெண்ணொருத்தி கோதுமையையும் வாற்கோதுமையையும் நாள்தோறும் தன் சிறுநீரால் நனைத்து வரவேண்டும். விதைகள் முளைத்தால் கரு உண்டு, முளையாவிடில் இல்லை என்பது அதன் முடிவு. எந்தத் தானியம் முளைக்கின்றது என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா என்றும் சொல்லினர்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாமல், 1963இல் எகிப்திய அறிஞர் கலியூங்கியும் அவர் தோழர்களும் சோதனைச் சாலையில் ஆராய்ந்தனர். கருவுற்ற பெண்டிரின் சிறுநீர் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது முறை விதையை முளைக்கச் செய்தது. ஆடவர், கருவுறாத பெண்டிர் ஆகியோரின் சிறுநீரில் விதைகள் முளைக்கவில்லை. ஆணா பெண்ணா என்னும் கணிப்பு மட்டும் பொய்த்தது. விடை சிறுநீரில் இருக்கின்றது என்ற அளவில் பழையோர் கருத்து சரியே. ஆனால் அஃது ஏன் என்பதை அவர்கள் அறியார்.

தலைகீழாய் நின்ற கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பெருந்தவறு ஒன்றைச் செய்தனர். 1827இல் வான் பேயர் என்பார் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்தார். அம்முட்டை எப்பொழுது வெளிப்படுகின்றது என்ற வினா அதன்பின் எழுந்தது. பெண்நாய்க்குச் சினைக்காலத்தில் குருதி தோன்றுவதைக் கண்டவர்கள், மகளிருக்கும் விலக்கு நாளிலேயே முட்டை வெளிப்படும் என முடிவு கட்டினர். அதனால் இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களில் கருத்தரிக்காது என்று அறிவுரை கூறினர். உண்மை இதற்கு நேர்மாறானது. நாயின் குருதி சினைக்கு முன்னோடி. மகளிர் விலக்கோ கருவை ஏற்க அணியமான கருப்பையின் உட்படலம், கரு தங்காமையால் கழிவது. அவ்வறிவுரையை நம்பி நடந்தோர் எண்ணியதற்கு மாறான பயனையே கண்டிருப்பர்.

இத்தவற்றைத் திருத்தியவருள் ஒருவர் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ. அறுவை மருத்துவத்தின்போது சூலகங்களை நேரிற் கண்டு, அப்பெண்களின் விலக்கு நாட்களோடு ஒப்பிட்டு, அடுத்த விலக்கு வருவதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னரே முட்டை வெளிப்படுகின்றது என்று 1924இல் அறிவித்தார். சில ஆண்டுகளில் ஆஸ்திரிய அறிஞர் ஹெர்மன் கினாஸ் தாமே ஆராய்ந்து இதனையொத்த முடிவுக்கு வந்தார்.

நாள் தள்ளுவது ஏன் என்பதற்கும் இக்கண்டுபிடிப்பு விளக்கம் தந்தது. முட்டை வெளிப்பட்ட பிறகு விலக்கு வரும்வரை உள்ள காலம் பெரிதும் மாறுவதில்லை. முட்டை வெளிப்படுவதற்கு முற்பட்ட காலமே நீளவும் குறுகவும் செய்கின்றது. கவலை, உணவுக் குறைவு, கடும் உழைப்பு, தைராய்டு சுரப்பியின் கோளாறு முதலியவை முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தும். சில வேளை நிறுத்தியும் விடும். இரண்டாம் உலகப் போரில் ஹாங்காங் ஸ்டான்லி முகாமில் ஜப்பானியரால் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் பலருக்கு விலக்கு நின்று போயிற்று. இதனைப் பதிவு செய்த மருத்துவக் கட்டுரை 1946இல் வெளிவந்தது.

சுண்டெலியும் தவளையும்

சிறுநீரில் மறைந்திருந்த விடையை வெளிக்கொணர்ந்தவர்கள் பெர்லினில் பணியாற்றிய செல்மர் ஆஷ்ஹைம், பெர்னார்ட் சோண்டெக் என்னும் இரு மருத்துவர். கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இளஞ்சுண்டெலிகளுக்கு ஊசிவழிச் செலுத்தினால், பருவம் எய்தாத அவற்றின் சூலகங்கள் சில நாட்களில் முதிர்ந்து காணப்படும் என்பதை அவர்கள் 1927, 1928ஆம் ஆண்டுகளில் நிறுவினர். அதற்குக் காரணமான ஹார்மோன் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருவது என்று அவர்கள் கருதினர். நஞ்சுக்கொடித் திசுவே அதனைச் சுரக்கின்றது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. யூதர்களாகப் பிறந்த இருவரும் 1933இல் ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டபின் நாடு நீங்க நேர்ந்தது; சோண்டெக் ஜெருசலேமிலும் ஆஷ்ஹைம் பாரிசிலும் வாழ்வைத் தொடர்ந்தனர்.

சுண்டெலியைக் கொன்றே விடை காண வேண்டும். 1931இல் ஃபிரீட்மன் வகுத்த முயல் சோதனையும் அத்தகையதே. 1930களில் தென்னாப்பிரிக்கத் தவளை இக்குறையைப் போக்கிற்று. லான்சிலாட் ஹாக்பென் அதனைக் கொண்டு கேப்டவுனில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து இச்சோதனை பிறந்தது. கருவுற்றவளின் சிறுநீரைச் செலுத்தினால் பெண்தவளை ஒரு நாளைக்குள் முட்டையிடும். அதே தவளை மீண்டும் பயன்படும். 1947இல் அர்ஜென்டினாவின் கல்லி மைனினி ஆண்தேரையைக் கொண்டு சில மணி நேரத்திலேயே விடை கண்டார்.

எனினும் இவை யாவும் மருத்துவரின் வழியாகவே நடந்தன. தன் உடலைப் பற்றிய செய்தியைப் பெண்ணே இறுதியாக அறிந்தாள்.

குருதியைச் சான்றாக்கிய மாத்திரை

1950களின் இறுதியில் வேறொரு முறை பரவியது. பிரிட்டனில் பிரிமோடோஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட ஹார்மோன் மாத்திரைகளை உட்கொண்டால், கருவுறாதவளுக்குச் சில நாட்களில் குருதி வரும்; வராவிடில் கரு உண்டு என்று கொண்டனர். கருவைக் காணும் சோதனையே கருவினுள் மருந்தைப் புகுத்தியது. 1967இல் மருத்துவர் இசபெல் கால், உறுப்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கும் இம்மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம் என எச்சரித்தார். ஆயினும் 1978 வரை அது விற்பனையில் இருந்தது. 2017இல் பிரிட்டிஷ் வல்லுநர் குழு ஒன்று மாத்திரையே காரணம் என்பதற்குச் சான்று போதாது என்றது. 2020இல் கம்பர்லெஜ் தலைமையிலான மறுஆய்வோ, 1967இலேயே அதனை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கூறிற்று. ஐயம் எழுந்தபோது, வேறு பாதுகாப்பான சோதனைகள் இருக்கையில், பயன்படுத்தாது விடுவதே முறை என்பது இதில் பெறப்படும் பாடம்.

பெண்ணின் கைக்கு வந்த விடை

1960இல் சுவீடன் அறிஞர்களான வீடே, கெம்செல் இருவரும் உயிர்விலங்கு ஏதுமின்றிச் சோதனைக் குழாயிலேயே அந்த ஹார்மோனைக் கண்டறியும் வழியை வகுத்தனர். 1967இல் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் வரைகலைஞராக வேலை பார்த்த மார்கரெட் கிரேன், சோதனைச் சாலையில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்தார். இதனைப் பெண்கள் வீட்டிலேயே செய்து கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. நிறுவனம் முதலில் தயங்கியது; மருத்துவருள்ளும் எதிர்ப்பு இருந்தது. காப்புரிமை அவர் பெயரிலேயே பதிவாயிற்று. ஆனால் அதனை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்ததாகவும், அந்த டாலரும் கைக்கு வரவில்லை என்றும் அவர் பின்னாளில் கூறினார். 1970களில் வீட்டுச் சோதனை கடைகளுக்கு வந்தது. 1980களின் இறுதியில் அது இன்று காணும் சிறு குச்சியின் வடிவை எய்திற்று.

இவ்வளவு வளர்ந்த பின்னும் பழைய ஐயங்கள் முற்றும் மறையவில்லை. கரு கருப்பையிற் பதிந்த பின்னரே ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். ஆதலின் முந்திச் செய்யும் சோதனை இல்லை என்று கூறினும் அது முடிவாகாது. விலக்கு வாராதிருப்பின் சில நாள் கழித்து மீண்டும் செய்தல் வேண்டும். கருவுற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தொடக்க வாரங்களில் குருதி தோன்றுவதுண்டு. அவர்களுள் பலர் நலமே மகவு ஈன்றெடுப்பர். சிலருக்கோ அது கரு கலைவதன் அறிகுறி. கரு கருக்குழாயில் தங்கிவிட்டாலும் குருதி தோன்றும். நாள் தள்ளியபின் குருதியோடு அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ கண்டால், அதனை வழக்கமான விலக்கு என்று எண்ணிக் காலம் கடத்துதல் உயிருக்கே இடராகும். உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

நாணத்தாலும் அறியாமையாலும் இச்செய்திகள் நெடுங்காலம் மறைபொருளாயின. கோதுமை மணியில் தொடங்கிய தேடலின் பயன் இன்று எளிய விலையில் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்தத் தெரிந்த அறிவும் வளரும் பெண்மக்களுக்குக் கிடைத்தால்தான் அப்பயன் முழுமை பெறும்.