காலின் நீளத்தில் பிறந்த எண்

தடப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது, "என்ன கியர் போட்டிருக்க?" என்றுதான். பதில் ஓர் எண்ணாக வரும்: 88, 92, 108. அது அங்குலக் கணக்கு. ஆனால் அந்தச் சைக்கிளை மூலைமுடுக்கெல்லாம் அளந்தாலும் 108 அங்குலத்தில் ஒரு பாகமும் அகப்படாது. சக்கரத்தின் விட்டமே 27 அங்குலத்தைத் தாண்டாது. அந்த எண் குறிப்பது இல்லாத ஒரு சக்கரத்தை. ஒரு காலத்தில் அந்தச் சக்கரம் நிஜமாகவே இருந்தது.

1871 வாக்கில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 'ஏரியல்' என்ற உயரச் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது; ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை ஓட்டுகிறவரின் கால் தீர்மானித்தது. 54 அங்குலச் சக்கரத்துக்குக் கால் எட்டியவர் ஒரு மிதிக்கு 4.3 மீட்டர் போனார். 50 அங்குலம்தான் எட்டும் என்றால், தொடையில் எத்தனை பலம் இருந்தும் அவருக்கு நான்கு மீட்டர்தான். இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டியது செயின்.

ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் மான்செஸ்டரில் உருளைச் செயினை உருவாக்கினார். ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். பெடல் நடுவில், செயின் பின்சக்கரத்துக்கு. உயரச் சைக்கிளில் பழகியவர்களுக்கு இந்தச் சின்ன வண்டி எவ்வளவு ஓடும் என்று எப்படிப் புரியவைப்பது? பெடலோடு சுழலும் முன்பற்களின் எண்ணிக்கையைப் பின்சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கர விட்டத்தால் பெருக்கிச் சொன்னார்கள்: இது இத்தனை அங்குல உயரச் சக்கரத்துக்குச் சமம். சில ஆண்டுகளில் உயரச் சைக்கிள் ஒழிந்தது. அதன் விட்டம் மட்டும் கணக்கில் தங்கிவிட்டது.

அந்தக் கணக்கு நம் பக்கம் வந்தது இரும்பாக. முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1951-இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. 1960-இல் அங்கேயே டிஐ டைமண்ட் செயின். அதன் அமெரிக்கக் கூட்டாளியான இண்டியானாபொலிஸ் நிறுவனம்தான் 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்குச் செயின் கொடுத்தது. அந்த விமானத்துக்கும் ஒரு கியர் இருந்தது: 23-க்கு 8. சைக்கிள் கடைக்காரர்கள் செய்த விமானம் வேறு எப்படி இருக்கும்!

28 அங்குலச் சக்கரம், முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று ஒரு கறுப்புச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். கணக்கு 68 அங்குலம். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். மதுரையில் யாரும் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மேலூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பால் கேனும் வாழையிலைக் கட்டும் மல்லிகை மூட்டையும் பல காலம் இந்த எண்ணின் மேலேறித்தான் நகரத்துக்கு வந்தன. நிமிடத்துக்கு 50 மிதி மிதித்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். பாரத்தோடு, சமவெளியில், நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம் அது. ஆடியில் மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் எதிர்காற்றில் போகிறவர் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பார். ஆனாலும் இறங்கித் தள்ள வேண்டி வராது. இதற்கு மேல் 10 அங்குலம் ஏற்றியிருந்தால் பால்காரர் பாதி வழியில் நடந்திருப்பார். பந்தயத்தோடு சம்பந்தமே இல்லாத இந்த 68-ஐ நான் மிகச் சரியான கியர் தேர்வுகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்கள் மிதித்ததும் இந்த வகைச் சைக்கிளைத்தான். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்தவர்களுக்குத் தடப் பந்தயத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். கடைசியில் வருகிறவருக்குப் பரிசு. கால் ஊன்றினால் அவுட். முன்சக்கரத்தைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து, அசையாமல் நிற்கும் வித்தை. தடத்தில் இருவர் மோதும் ஸ்பிரிண்ட் பந்தயத்திலும் இதே வித்தை உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் பலத்தைச் சேமிப்பார். அதனால் இருவருமே முன்னே போக மறுத்து நின்றுவிடுவார்கள். 30 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாதென்று விதியே இருக்கிறது. பிறகு ஒரு கணத்தில் ஒருவர் பாய்வார். நிற்பதிலிருந்து மணிக்கு எழுபது கிலோமீட்டர் வரை ஒரே கியர்.

ஏனென்றால் தடச் சைக்கிளில் ஃப்ரீவீல் இல்லை, பிரேக் இல்லை, கியர் மாற்றும் குச்சியும் இல்லை. சக்கரம் சுழலும்வரை காலும் சுழன்றாக வேண்டும். கியரைத் தேர்ந்தெடுப்பது பந்தயத்துக்கு முன்னால், ஸ்பேனரோடு உட்கார்ந்து. துப்பாக்கி வெடித்த பிறகு அந்த முடிவோடு வாழ வேண்டும்.

49-க்கு 15 என்றால் 88 அங்குலம், ஒரு மிதிக்கு ஏழு மீட்டர். நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் போக நிமிடத்துக்கு 142 முறை கால் சுழல வேண்டும். அத்தனை வேகத்தில் பெரும்பாலான கால்கள் பலத்தைக் கொடுப்பதை விட்டுவிட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். 60-க்கு 15 போட்டால் 108 அங்குலம். அதே வேகத்துக்கு 116 சுழற்சி போதும். ஆனால் கிளம்பும்போது சுவரைத் தள்ளுவது மாதிரி இருக்கும், எதிராளி பாய்ந்தால் பதில் பாய்ச்சல் அரை விநாடி தாமதமாகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் தேர்வு. 200 மீட்டர் நேரச் சோதனையில் சாய்தளத்தின் உச்சியிலிருந்து இறங்கி வேகம் பிடிக்கலாம், பெரிய கியர். கெய்ரின் பந்தயத்தில் முன்னே போகும் மோட்டார் வண்டியே வேகத்தைக் கூட்டிவிடுகிறது, அங்கேயும் பெரிய கியர். புள்ளிப் பந்தயத்தில் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பாய வேண்டும். அங்கே கொஞ்சம் இறக்கம். திறந்தவெளிக் கான்கிரீட் தடத்தில் ஒரு நேர்ப்பகுதியில் எதிர்காற்றும் மறுபகுதியில் பின்காற்றும் அடிக்கும். எதிர்காற்றை நினைத்துத்தான் பல்லை எண்ண வேண்டும். வெயில் நாளில் காற்றின் அடர்த்தி குறைவு. மதுரை வெயிலுக்கு முன்னே ஒரு பல் கூட்டிக்கொள்ளலாம்.

முன்னே 50 இருக்கும்போது பின்பல்லை 15-இலிருந்து 14 ஆக்கினால் 90 அங்குலம் 96-க்குத் தாவிவிடும். பின்பல்லைத் தொடாமல் முன்னே ஒன்று கூட்டினால் 92-ஐக்கூடத் தொடாது. அதனால்தான் ஓட்டுகிறவரின் பெட்டியில் முன்பல்வட்டங்கள் அடுக்காக இருக்கும். பின்பல்லைப் பூட்டும் வளையம் மட்டும் இடப்புறமாகத் திருகும். கால் பின்னோக்கித் தடுக்கும்போது பல் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மாட்டிய பிறகு சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினின் தொய்வை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

1972-இல் மெக்சிகோ நகரத்துத் தடத்தில் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். கியர் 52-க்கு 14, ஒரு மிதிக்கு 7.93 மீட்டர். உலகின் தலைசிறந்த கால்கள் தேர்ந்த அந்த அளவு, பிற்பாடு சாலைப் பந்தயங்களில் ஜூனியர் பிள்ளைகளுக்கான உச்ச வரம்பாயிற்று. 2023-இல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. 2022-இல் ஃபிலிப்போ கன்னா அதே ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியபோது அவர் சைக்கிளில் இருந்தது 65-க்கு 14. இன்றைய ஸ்பிரிண்டர்கள் 120 அங்குலத்தைத் தாண்டிவிட்டார்கள். காற்றைக் குறைவாகத் தாங்கும் உட்காரும் முறை, எடை தூக்கிப் பயின்ற தொடைகள், பெரிய பல்வட்டத்தில் செயின் குறைவாக மடங்குவதால் குறையும் உராய்வு எல்லாம் சேர்ந்து எண்ணை ஏற்றிவிட்டன. செயின் வந்த நாளிலேயே எண் காலின் நீளத்திலிருந்து விடுபட்டது. காலின் பலத்திலிருந்து இன்றுவரை விடுபடவில்லை.

அந்தப் பலம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2019-இல் ஃபிராங்க்ஃபர்ட் ஓடரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் குழு ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார்கள். எசோ அந்தமான்காரர். அவர்களின் பயிற்சிக்கு டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் பலகைத் தடம் இருந்தது. தமிழ்நாட்டில் மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழகத்தின் தடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா சைக்கிள் போட்டி அங்கே நடந்தது. மதுரையிலிருந்து இன்னும் பக்கம் என்றால் திருவனந்தபுரத்துக் காரியவட்டம்.

மதுரையில் தடம் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு விரட்டுகிற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தடச் சைக்கிளில் ஏற்றினால் 48-க்கு 16, அதாவது 81 அங்குலத்தில் தொடங்கலாம். கால் வேகமாகச் சுழலப் பழகிய பிறகு 49-க்கு 15. ஆனால் பிரேக் இல்லாத சைக்கிளைச் சுற்றுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழக முடியாது, பழகவும் கூடாது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்குத் தடம் இருப்பதைப் போல, சைக்கிள் பிள்ளைகளுக்கும் ஊருக்கு வெளியே 333 மீட்டரில் ஒரு கான்கிரீட் வளையம் வேண்டும். பலகையும் கூரையும் பிறகு வரட்டும்.