நீலத்தை அளந்த வரலாறு

குழாய்நீரிற் கரைந்துள்ள பொசுபேற்றுக்கு நிறமில்லை, மணமுமில்லை. ஆயினும் அது இல்லாமற் போவது ஒரு நகரையே வருத்தக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் பிளின்ற் நகரம், 2014 ஏப்ரலில், டெற்றோயிற்றிலிருந்து நீர் பெறுவதை விடுத்துத் தன் ஆற்றுநீரைக் குழாய்களிற் செலுத்தியது. டெற்றோயிற் நீரில் அரிப்பைத் தடுப்பதற்காகப் பொசுபேற்று லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவிற் சேர்க்கப்பட்டிருந்தது. அது ஈயக்குழாய்களின் உட்சுவரில் எளிதிற் கரையாத படலமாகப் படிந்திருந்தது. ஆற்றுநீருக்கு அது சேர்க்கப்படவில்லை. படலம் சிதைய, ஈயம் குடிநீரிற் கலந்தது. 2015 ஒற்றோபரிலேயே நகரம் பழைய நீருக்கு மீண்டது.

இத்துணைச் சிறிய அளவை அறிய உதவுவது ஒரு நீலநிறமாகும். அமில ஊடகத்திற் பொசுபேற்றும் மூலிப்தேற்றும் சேர்ந்து உண்டாகும் சேர்வையைத் தாழ்த்தினால் கடுநீலம் தோன்றும். அதன் செறிவு பொசுபேற்றின் செறிவுக்கு விகிதசமமானது. மூலிப்த நீலத்தைச் சீலே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். பேர்சிலியசு 1826 இல் பொசுபேற்றுத் தரும் மஞ்சள் வீழ்படிவை விவரித்தார். நீலத்தைப் பொசுபரசின் அளவைக்குப் பயன்படுத்தியவர் பிரான்சு நாட்டு ஒஸ்மொண்ட், ஆண்டு 1887.

அக்காலத்து நிறமானி மனிதக் கண்ணையே நம்பியிருந்தது. பாரிசுக் கருவியாளர் டுபொஸ்க் அமைத்த கருவியில், நியமக் கரைசலையும் மாதிரியையும் அருகருகே நோக்கி, இரண்டும் ஒத்த நிறமாகத் தோன்றும்வரை அவற்றின் ஆழத்தை மாற்றுவர். ஆழங்களின் விகிதத்திலிருந்து செறிவு பெறப்படும். கண் களைத்தால் விடையும் களைத்தது!

ஆயின் உண்மையான இடர் கருவியிலன்று, தாழ்த்தும் பொருளிலேயே இருந்தது. 1920 இல் பெல், டொய்சி ஆகியோர் ஐதரோகுயினோனைக் கையாண்டனர், நிறமோ நிலைக்கவில்லை. 1925 இல் ஆவாட் பல்கலைக்கழகத்திற் பிஸ்க், சுப்பராவ் இருவரும் அமினோநத்தோல் சல்போனிக்கமிலத்தைப் புகுத்தி இவ்விடரை நீக்கினர். ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பராவே இவர். குருதியையும் சிறுநீரையும் சோதிக்க எழுந்த இம்முறை, தசையிலுள்ள பொசுபோகிரியேற்றீனை அவ்விருவரும் 1927 இல் அறிவிக்கவும் துணைநின்றது. அவர் பெயரை உச்சரித்தபடியே அளவீடு செய்யும் மாணவரில் எத்துணைப் பேர் அவரை அறிவர்?

1962 இல் மேர்பி, றைலி ஆகியோர் கடல்நீருக்கென அசுகோபிக்கமிலமும் அந்திமனியும் சேர்ந்த ஒற்றைக் கரைசலை வகுத்தனர். குழாய்நீருக்கு இன்று பெரிதும் வழங்குவது இதுவே. ஆசனேற்றும் இதே நீலத்தைத் தருமாதலின் அவதானம் வேண்டும். பொசுபேற்றுக் கலந்த சலவைத்தூளாற் குவளையைக் கழுவியவர் நீரையன்றித் தூளையே அளப்பார். அமிலத்தாற் கழுவுதல் நன்று.

இந்நீலம் மிகுதியாக உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 880 நனோமீற்றர். அது கண்ணுக்குப் புலனாகாதது. சிவப்பு வடி பொருத்திய எளிய நிறமானி உறிஞ்சலின் ஓரத்தையே காண்கிறது. எனினும், லீற்றருக்கு ஒரு மில்லிகிராமை அளக்க அவ்வோரமே போதுமானது.