காட்டுப்பள்ளித் தீவைச் சுற்றி ஒரு நாள்

தீவு என்றதும் தொலைதூரக் கடலும் பாறை முகடுகளும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. சென்னையின் வடகோடியிலேயே ஒரு தீவு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு ஏரி. இவற்றின் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டே காட்டுப்பள்ளித் தீவு. அதைக் கண்டு வரலாம் என்று நண்பர்கள் நால்வராக ஒரு சனிக்கிழமை வைகறையில் வாடகை வண்டி ஒன்றில் புறப்பட்டோம். பயணத்தை இராயபுரத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அத்தீவின் இன்றைய நிலைக்கான வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர் இராயபுரம். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் குருகுல வம்சத்துப் படகோட்டிகள். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆட்களையும் பொதிகளையும் கரை சேர்த்தன. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும் படகுகள் அவை. ஒரு மாநகரின் வாணிகம் முழுவதும் இந்த எளியவர்களின் தோள்வலியில் நடந்தது. தாம் ஈட்டியதில் ஒரு பகுதியைக் கொண்டு, தம்மைப் போலவே படகில் வாழ்ந்த திருத்தூதருக்கு அவர்கள் ஆலயம் அமைத்தார்கள்.

ஆலயத்திற்குச் சற்றுத் தொலைவில் 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த இரயில் நிலையம் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி அதே ஆண்டு ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. 1861இல் கடலுக்குள் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் நீண்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். முடியும் தறுவாயில் இருந்த கற்சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் தூர்த்த கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் வாயில் அமைத்தார். துறைமுகம் உறுதிபெற்றது, மசூலாப் படகின் காலம் முடிந்தது.

ஆனால் மணலின் கதை அத்துடன் முடியவில்லை. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டில் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. கடலுக்குள் ஒரு சுவர் நீண்டால், மணல் அதன் தென்புறம் தங்கிவிடும். வடபுறக் கரைக்கு வரவேண்டிய பங்கு வராது. முன்பு கோட்டைச் சுவருக்கு அருகில் வந்து மோதிய கடல் தெற்கே பின்வாங்க, மெரீனாவின் அகன்ற மணல்வெளி உருவானது. அதே காலத்தில் இராயபுரத்திலும் அதன் வடக்கிலும் கரை கரையத் தொடங்கியது. மாலையில் நாம் காற்று வாங்கும் மணலில் வடசென்னையின் மணலும் கலந்திருக்கிறது!

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் இதனைக் கண்ணாலேயே காணலாம். வலப்புறம் கடல் தெரிகிறது. மணல் அரிதாகவே தெரிகிறது. கரை நெடுகிலும் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். இடையிடையே தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீள்கின்றன. திருவொற்றியூரில், கடல் வாணிகத்தில் சேர்த்த பெருஞ்செல்வத்தைத் துறந்த பட்டினத்தார் அடங்கிய இடம் கடலோரத்தில் உள்ளது. அவ்வூரிலும் எண்ணூரிலும், விடுதலைக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் அசோக் லேலண்ட் சரக்கு வண்டியும் உருவாகின. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரித்தவை அத்தொழிற்சாலைகள். அந்த நன்மையை மறுப்பது நன்றியன்று.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றின் அக்கரையில் தீவு கூப்பிடு தொலைவில் கிடக்கிறது. தென்கரையில் 450 மெகாவாட் திறனுடன் இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. அதற்கு நிலக்கரி கொண்டுவருவதற்கென அமைந்து, 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் எழுந்தது.

ஆற்றங்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, பாடு எப்படி?" என்று கேட்டோம். "தண்ணிக்குள்ள கால வெச்சுப் பாருங்க தம்பி" என்றார். வைத்தோம். பாதம் சேற்றில் புதையவில்லை, சாம்பலில் புதைந்தது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆற்றைக் கடக்கின்றன. அவற்றின் கசிவு ஆற்றின் படுகையை மேடாக்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் இக்கடலில் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, இதே கழியில் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் கருமையாய் ஒட்டியது.

மீஞ்சூர் வழியாகச் சுற்றித் தீவுக்குள் நுழைந்தோம். முதலில் சரக்கு லாரிகளின் நீண்ட வரிசை, பிறகு மதில்கள். மதில்கள் முடிந்ததும் காட்சி மாறியது. ஒருபுறம் கடல், மறுபுறம் நாரைகள் நிற்கும் கழி, நடுவே ஒற்றைச் சாலை. சில இடங்களில் இரண்டு நீருக்கும் இடையே உள்ள நிலம் அச்சமூட்டும் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. கடல் சீறும் நாள்களில் அலை மணலைச் சாலைமேல் வாரி இறைக்கிறது. இராயபுரத்தில் தொடங்கிய கரையரிப்பு, புதிய துறைமுகங்களுக்கு வடக்கே இங்கும் வந்துவிட்டது. இம்மணல் திட்டு உடைந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும். இங்குள்ள குப்பங்கள் எங்கே போகும்?

நண்பகலில் பழவேற்காட்டை அடைந்தோம். டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் சுவடுகளும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கும் அவர்களது கல்லறைத் தோட்டமும் அங்குள்ளன. துணியை மட்டுமா இங்கிருந்து கப்பலேற்றினார்கள்? 17ஆம் நூற்றாண்டில் மனிதரையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். வளம் ஓரிடம் சேர, அதன் விலையை வேறொருவர் கொடுக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. போர்த்துக்கீசியர் காலத்தில் வேரூன்றிய மகிமை மாதாவின் திருத்தலத்தில் சற்று நேரம் அமர்ந்து இதைச் சிந்தித்தோம்.

இவ்வேரியின் மீனவரிடையே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. நல்ல மீன் விழும் இடங்களை வலியவர் வளைத்துக்கொள்ளாதபடி, உரிமையுள்ள ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. 'பாடு' என்னும் அதே சொல்லால்தான் நாம் ஆண்டவர் பட்ட துன்பத்தையும் குறிக்கிறோம். மாநகரின் வளர்ச்சியில் வடகரைக்கு முறைப்பாடு வந்ததே இல்லை. துன்பப்பாடு மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.

பொன்னேரி வழியாகத் திரும்பும்போது இருட்டிவிட்டது. தொலைவில் அனல்மின் நிலையத்தின் விளக்குகள் மின்னின. அவ்வொளியில்தான் நம் வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் ஆலயப் பீடங்களும் ஒளிர்கின்றன. விளக்கை அணைத்துவிடச் சொல்லவில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அறிந்தாவது ஏற்றுவோம். அடுத்த மதில் எழும்போது, இம்முறை யாருடைய பாடு என்று கேட்கவும் துணிவோம். படகோட்டிகள் கட்டிய கோயிலில் மண்டியிடும் நமக்கு அக்கடமை உண்டு.