கண்டி மாநகரும் கண்ணகித் தெய்வமும்

தீர்த்த யாத்திரை செய்வது நம் முன்னோர் கண்ட நல்வழக்கங்களுள் ஒன்று. பெரம்பூர் முதல் திருவொற்றியூர் வரை வாழ்ந்த வடசென்னை அன்பர்களில் கடல் கடந்து ஈழநாட்டுத் தலங்களைத் தரிசித்தவர்களும் உண்டு. எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறுவது 1914-ஆம் ஆண்டு முதல் அவர்கள் சென்ற வழி. பொல்காவலை சந்திப்பில் வண்டி மாறினால் கண்டி மாநகரை அடையலாம். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது; அவ்வழியும் அத்துடன் முடிந்தது.

தேயிலைக்கும் திருத்தலச் சிறப்புக்கும் ஒருங்கே பெயர்பெற்றது கண்டி. நகரை மகாவலி கங்கை வளைந்து செல்கிறது. நடுவே, 1807-ஆம் ஆண்டளவில் கடைசி மன்னன் வெட்டுவித்த ஏரி விளங்குகிறது. அதன் கரையில் புத்தர்பிரானின் திருப்பல்லைப் போற்றிவைத்திருக்கும் தலதா மாளிகை நிற்கிறது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நம்மவர் அறிய வேண்டியது வேறொன்றும் உண்டு. அந்நகரைக் காக்கும் தெய்வங்களாக நாதர், திருமால், கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நால்வருக்கும் அங்கே தனித்தனிக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் பத்தினி எனப்படுபவள் நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சோழநாட்டில் பிறந்து, மதுரையில் நீதி கேட்டு, சேரநாட்டில் தெய்வமான அந்த வணிகர் குலமகளைச் சிங்கள மக்களும் தாயென வணங்குகின்றனர்.

ஆடி மாதத்தை ஒட்டிக் கண்டியில் நடைபெறும் பெரஹரா என்னும் யானை ஊர்வலம் முற்காலத்தில் இந்நான்கு தெய்வங்களுக்கே உரியதாயிருந்தது. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேதான் திருப்பல் பேழை ஊர்வலத்தின் முன்னே எழுந்தருளத் தொடங்கியது. அம்மன்னன் தென்னாட்டிலிருந்து சென்ற நாயக்கர் வழியினன். ஆயினும் 1753-இல் சயாம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்கு மறுவாழ்வு அளித்தவனும் அவனே. தன் குடிகளின் சமயத்தைத் தன் சமயம்போல் போற்றிய பெருந்தகைமை இது. 1739 முதல் நால்வர் ஆண்ட அம்மரபு 1815-இல் ஆங்கிலேயரால் முடிவுற்றது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பெற்று, 1832-இல் அங்கேயே உயிர்நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவிடம் இன்றும் உள்ளது.

அரசு மாறியபின் மலைநாட்டுக் காடுகள் காப்பித் தோட்டங்களாயின. 1869-இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் காப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867-இல், கண்டிச் சீமையைச் சார்ந்த லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை தழைத்தது. அதனைத் தழைக்கச் செய்த கைகள் நம் தமிழ்நாட்டுக் கைகள். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காட்டின் ஊடே நெடுந்தூரம் கால்நடையாகவே மாத்தளைக்கு ஏறினர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

உயிரோடு மலையேறியவர்கள் முதலில் நாடியது மாரியம்மனை. கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளையில் அன்னை முத்துமாரியம்மன் கோயில் கொண்டாள். அங்கு மாசிமகத்தில் ஐந்து தேர்கள் பவனி வருவது பெரும் சிறப்பு. தோட்டந்தோறும் தினக்கூலியில் மிச்சம்பிடித்த காசால் கோயில்கள் எழுந்தன. பெருஞ்செல்வர் தரும் பொன்னுக்கு எவ்வகையிலும் குறையாத திருப்பணி அது.

அம்மக்களின் சோதனை அத்துடன் தீரவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. பல தலைமுறையாகக் கும்பிட்ட அம்மனை மலையில் விட்டுவிட்டு, முன்பின் கண்டிராத ‘தாய்நாட்டுக்கு’க் குடும்பங்கள் இறங்கி வந்தன. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைக் கோயிலும் தீக்கிரையாயிற்று. அடியார்கள் தளரவில்லை; மீண்டும் கட்டினர். அங்கேயே தங்கிவிட்டோரில் எஞ்சிய நாடற்றவர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

கும்பாபிஷேகம் என்பது கல்லும் சுதையும் புதுப்பிக்கும் விழா மட்டுமன்று; அடியார் உள்ளத்தைப் புதுப்பிக்கும் விழாவுமாகும். திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மனைக் கண்ணகியோடு இணைத்துக் கூறும் செவிவழிக் கதையை இப்பகுதி அன்பர்கள் கேட்டிருப்பர். அவளே கண்டியில் பத்தினியாய் நிற்கிறாள் என்று எண்ணும்போது, கடல் இடையே இருப்பதும் மறந்துபோகும். காலையில் அருந்தும் தேநீரில் மலையேறிய அம்மக்களின் உழைப்பை நினைப்போமாக. கூலிக்காசில் கோயில் கண்ட அவர்தம் பக்தி நம் திருப்பணிக்கு வழிகாட்டுவதாக. அன்னையின் திருவருள் இருகரை மக்களையும் காப்பதாக.