மதகின்மேற் கிடந்த காலிக் கல்வெட்டு

கொழும்பிலிருந்து தென்கரையோரமாகச் செல்லும் புகையிரதத்தில் ஏறத்தாழ 115 கிலோமீற்றர் கடந்து காலி நகரில் இறங்குவோரின் கருத்தை முதலிற் கவர்வது கோட்டையே. இலங்கையின் தென் மாகாணத் தலைநகராகிய இந்நகருக்கு வரும் பயணியர் பெரும்பாலும் மதில்மேல் ஒரு சுற்று நடந்து, வெளிச்சவீட்டின் அருகே நின்று கடலைப் பார்த்துவிட்டு, மாலை வண்டியிலேயே திரும்பிவிடுவர். யானும் முதன்முறை அவ்வாறே செய்தேன். காலியின் பழமைக்குரிய தலையாய சான்று காலியில் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கோட்டை காணத் தக்கதன்று எனச் சொல்ல வரவில்லை. போர்த்துக்கேயர் எழுப்பிய சிறு அரணை 1640ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, குடாநாடு முழுவதையும் வளைத்து மதிலெடுத்தனர். துறைமுகத்தை நோக்கிய பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டும், ஒல்லாந்தக் கம்பெனியின் மூவெழுத்துச் சின்னமும், அதன் மேல் ஒரு சேவலும் செதுக்கப்பட்டுள்ளன. அம்மூன்று எழுத்துகள் வி, ஓ, சி. நமக்கு அவ்வெழுத்துகள் நினைவூட்டுவது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்ட சிதம்பரம்பிள்ளையை. கடல் வாணிகத்தைத் தமக்கேயுரியதாக்க முனைந்த கம்பெனிக்கும், அத்தகைய ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவருக்கும் ஒரே எழுத்துகள் வாய்த்தமை வேடிக்கையே. வாயிலின் வெளிப்புறத்திலோ பிரித்தானிய அரச சின்னம் விளங்குகிறது. வென்றவர் தத்தம் முத்திரையைப் பதித்துச் சென்ற நகர் இது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் துடுப்பாட்ட மைதானமும் சிதைந்தன. மதிலுக்குள்ளிருந்த பழைய நகர் பெரும்பாலும் தப்பியது. பகைவரின் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய சுவர் கடலைத் தடுத்தது.

ஆயினும் ஒல்லாந்தர் கதையே காலியின் கதை என மயங்குதல் தகாது. மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா 1344ஆம் ஆண்டளவில் இவ்வழியே வந்தார். காலியை அவர் ஒரு சிற்றூராகவே குறித்தார். அவர் வியந்து எழுதியது, கிழக்கே சிறிது தொலைவிலுள்ள தேவேந்திரமுனையில் வணிகர் நிறைந்திருந்த பட்டினத்தையும், அங்கிருந்த பெருங்கோயிலையுமே. அக்கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் தெய்வத்தின் பெயரைத் தமிழிற் பொறித்த ஒரு கல் மட்டும் காலியிற் பிழைத்துக் கிடந்தது.

அக்கல்லே காலி மும்மொழிக் கல்வெட்டு. மிங் மரபைச் சேர்ந்த யொங்லெ பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக்குரியது. வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் திருமாலைத் தெனவரை நாயனார் என விளித்துப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இறைவன் அல்லாவின் பெயரால் அமைந்தது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய் என நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்று பகுதிகளிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. ஒரு தெய்வத்துக்கு ஈந்தது மற்றொன்றுக்குக் குறைந்ததாக இல்லை.

இக்கல்லைக் காட்டி, ‘காலி தமிழர் ஆண்ட ஊர்’ என முழங்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். கல் அவ்வாறு கூறவில்லை. இந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் பேசிய சிங்களத்தில் அதில் ஓரெழுத்தும் இல்லை. அவர்கள் வணங்கிய புத்தரையோ சீன மொழியில் போற்றுகிறது. ஆதலின், ஆட்சி யாருடையது என்பதற்கு அன்று, துறைமுகத்தில் எம்மொழிகள் வழங்கின என்பதற்கே அது சான்றாகும். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் அக்காலத்து இந்துமாக்கடல் வணிகரின் மொழிகள். ஆட்சியுரிமையினும் இப்பெருமை குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. கல் சீனத்திலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பது அறிஞர் கருத்து. அஃதுண்மையாயின், அப்பேரரசரின் பணியில் தமிழ் எழுத வல்லார் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். இது நம்பத்தகாததன்று. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டிலேயே சிவன் கோயிலுக்காகத் தமிழ்க் கல்வெட்டு நாட்டப்பட்டிருந்தது.

இனிப் பட்டியலை மட்டும் படித்துச் செங் ஹேயை அருளாளர் எனக் கொள்வதும் பிழை. அதே பயணத்தில், 1411ஆம் ஆண்டளவில், அவர் படை இந்நாட்டு அதிபதி அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துக் குடும்பத்தோடு சீனத்துக்குக் கொண்டு சென்றது. பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார் எனச் சீன ஏடுகள் கூறுகின்றன. மூன்று தெய்வங்களுக்கும் பட்டு சாத்திய கையும் வாளெடுத்த கையும் ஒன்றே. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி அக்கல்லின் பொருள் முழுமையாக விளங்காது.

பின்னர் அதனை நாட்டியவரும் மறைந்தனர், படிக்கத் தெரிந்தவரும் மறைந்தனர். நான்கே முக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உள்ள உறுதியான பலகைக்கல் ஆதலின், யாரோ ஒருவர் அதனை வேறொரு பயனுக்கு எடுத்துக்கொண்டார். 1911ஆம் ஆண்டில் கிறிப்ஸ் வீதித் திருப்பத்துக்கு அருகே, ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த அதனை மாகாணப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதுவரை எத்தனை மாட்டுவண்டிகள் தெனவரை நாயனாரின் மேலும், புத்தரின் மேலும், அல்லாவின் திருப்பெயர் மேலும் உருண்டு சென்றனவோ!

காலியிலிருந்து திரும்பிய மறுவாரம் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்று கல்லின் முன் நின்றேன். தலைப்பில் இரு கடல்நாகங்கள் எதிரெதிரே நெளிகின்றன. சீன எழுத்துகள் ஓரளவு தெளிவாக உள்ளன. பாரசீகம் மிகவும் தேய்ந்துவிட்டது. தமிழ் வரிகளைக் குனிந்து, விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது. நெடுநேரம் நின்று சில சொற்களைப் படித்தேன். பக்கத்தில் வந்த பள்ளிச் சிறுவர் சிலர் நாகங்களை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்கு ஓடினர்.