ரத வெளிச்சமும் பெட்ரோல் மீட்டர் முள்ளும்



நம்ம ரதத்துக்குப் பின்னால வர்ற ஜெனரேட்டர்ல பெட்ரோல் மீட்டரைப் புதுசா மாத்தியிருக்கோம். "ஒரு சின்ன முள்ளுக்கா இவ்வளவு பேச்சு?" என்று சில பேர் கேட்டாங்க. அந்த முள்ளுக்குப் பின்னால பெரிய வரலாறே இருக்கு.

அந்தக் காலத்தில் சாமி ஊர்வலத்துக்குத் தீவட்டிதான் வெளிச்சம். எண்ணெய் குறைஞ்சா கண்ணுக்கே தெரியும், கூட நடக்கிறவர் ஊற்றுவார். பிறகு ஜெர்மனியில் உருவான பெட்ரோமேக்ஸ் விளக்கு வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து எரிய வைக்கிற விளக்கு. உள்ளே காற்று எவ்வளவு இருக்குன்னு கண்ணால பார்க்க முடியாது. அதனால மூடியிலேயே ஒரு குட்டி மீட்டர், அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தாண்டி அடிக்கக் கூடாது. கண் பார்த்த வேலையை முள் பார்க்க ஆரம்பிச்சது இப்படித்தான்.

1831-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். எல்லா ஜெனரேட்டருக்கும் அதுதான் மூலம். ஆனா கையில தூக்கிட்டுப் போற அளவுக்கு அது சிறுசாக நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜப்பானில் ஹோண்டா கம்பெனி ஈ300 என்ற சின்ன ஜெனரேட்டரை 1965-இல் கொண்டு வந்தது.

மீட்டருக்கு உள்ளே இருக்கிற மிதவை இதையெல்லாம் விடப் பழசு. சுமார் 2,200 வருஷத்துக்கு முன்னே, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் டெசிபியஸ் என்பவர் தண்ணீர்க் கடிகாரத்தில் மிதவை வைத்து நேரம் காட்டினார். தண்ணீர் ஏறினா மிதவை ஏறும், அதோடு முள்ளும் நகரும். நம்ம மீட்டரும் அதே கதைதான்.

இந்த மிதவை கெட்டுப்போனா ரெண்டு விதமாப் பொய் சொல்லும். பழைய பெட்ரோல் பிசினாகி மேலேயே ஒட்டிக்கிட்டா, டாங்கி காலியானாலும் "ஃபுல்" காட்டும்; பாதி வழியில ரதம் இருட்டாயிடும். மிதவை ஓட்டையாகி மூழ்கினா எப்பவும் "காலி" காட்டும். அதை நம்பி, ஓடுற சூட்டிலேயே பெட்ரோலை ஊற்றப் போவாங்க. வழிஞ்சு சைலன்சர் மேல பட்டா தீ. சுற்றி பால்குடம் எடுத்த தாய்மார்கள், பிள்ளைகள். மீட்டரே இல்லேன்னா மூடியைத் திறந்து பார்ப்போம். பொய் சொல்ற மீட்டர் அதைவிட ஆபத்து.

மாத்துற வேலை கஷ்டமில்லை, முறை முக்கியம். இன்ஜினை நிறுத்தி நல்லா ஆற விடணும். திறந்த வெளியில, சூடம் சிகரெட் எதுவும் கிட்ட வராம, பெட்ரோலை இறக்கணும். புது மீட்டரோட கம்பி டாங்கி ஆழத்துக்குச் சரியா இருக்கணும். நீளமானா அடியில இடிக்கும். ரப்பர் வாஷரும் புதுசு போடணும். கடைசியில கொஞ்சங் கொஞ்சமா ஊற்றி, முள் ஏறுதா, கசியுதான்னு பார்க்கணும்.

தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா முடிஞ்சதும் டாங்கியில பெட்ரோலை விட்டு வைக்காதீங்க, இறக்கிடுங்க. ஊர்வலத்துக்கு முந்தின நாளே முள்ளைச் சரிபாருங்க. தீவட்டி காலத்தில் எண்ணெயைக் கவனிக்க ஓர் ஆள் கூடவே நடந்தார். ஜெனரேட்டருக்கும் அந்த ஆள் வேணும். இந்த வருஷம் யார் வர்றீங்க? கீழே பெயர் போடுங்க.

முருகன் துணை 🙏